பதிவும் அதன் அடிப்படைத் தாளும்: கன்னியாகுமரி மாவட்டப் பள்ளிகளின் சேர்க்கை ஆவணங்கள்

பள்ளிக்கூடம் ஒன்றில் வைக்கப்படும் ஏடுகளுள் காலவரையின்றிக் காக்கப்பட வேண்டியவற்றில் முதன்மையானது சேர்க்கை நீக்கல் பதிவேடு. குழந்தை பள்ளியில் சேரும் நாளில் அதற்கு ஒரு தொடர் எண் தரப்பட்டு, பெயர், பெற்றோர் அல்லது பாதுகாவலர் பெயர், அவர்தம் தொழில், முகவரி, பிறந்த தேதி, தாய்மொழி, மதம், சாதி, முன்னர்ப் படித்த பள்ளி, சேர்ந்த வகுப்பு, உடலில் காணும் அடையாளங்கள் ஆகியவை ஒரே வரியில் நிரப்பப்படுகின்றன; அக்குழந்தை பள்ளியை விட்டு நீங்கும்போது, நீங்கிய நாளும் அப்போதிருந்த வகுப்பும் மாற்றுச் சான்றிதழின் எண்ணும் எஞ்சிய கட்டங்களில் எழுதப்பட்டு அவ்வரி முடிகிறது. டி.சி. என்று எல்லோரும் வழங்கும் மாற்றுச் சான்றிதழ், சாரத்தில் இந்த ஒரு வரியின் படியே ஆகும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வுக்கு அனுப்பப்படும் பெயர்ப்பட்டியல் இதிலிருந்தே எடுக்கப்படுகிறது; அப்பட்டியலிலிருந்து மதிப்பெண் சான்றிதழும், அதிலிருந்து பாஸ்போர்ட்டும் அரசுப் பணிப்பதிவேடும், இறுதியில் ஓய்வூதிய ஆணையும் பிறக்கின்றன. ஆக, ஐந்து வயதுக் குழந்தையைப் பற்றி ஜூன் மாத நெரிசலில் எழுதப்படும் ஒரு வரி, அறுபது வயது வரை அந்த மனிதரோடு நடந்து வருகிறது.

இவ்வளவு சுமையைத் தாங்கும் அவ்வரி எந்தத் தாளைப் பார்த்து, யார் சொல்லக் கேட்டு எழுதப்பட்டது என்பது தனிக் கேள்வி. பதிவேட்டைக் காக்க வேண்டும் என்று வற்புறுத்திய அளவுக்கு, அதற்கு ஆதாரமான விண்ணப்பத்தையும் சான்றையும் காக்க வேண்டும் என்று கல்வி நிருவாகம் எக்காலத்திலும் வற்புறுத்தியதில்லை. இக்குறை எங்கும் உள்ளதுதான் என்றாலும், இரண்டு ஆண்டுக்கணக்குகள், இரண்டு மொழிகள், இரண்டு மரபுரிமை முறைகள், ஊரைப் பொறுத்து மாறும் சாதிப் பட்டியல் ஆகியவை ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்கும் கன்னியாகுமரி மாவட்டத்தில் அதன் விளைவுகள் கூர்மையாகத் தெரிகின்றன.

தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின் தென்கோடியாக இருந்தவை. இவற்றுள் முதல் இரண்டின் பெரும்பகுதியே நாஞ்சில் நாடு எனப்பட்டது. அங்கே பழைய கல்வி ஆசான் வீட்டுத் திண்ணையில் நடந்தது. விஜயதசமியன்று ஏடு தொடங்கப்பெற்ற பிள்ளை, ஆசானுக்குக் காணிக்கை கொடுத்து மணலில் எழுதிப் பழகியதற்கு எந்தப் பதிவும் தேவைப்படவில்லை. பதிவு என்ற ஒன்று தேவைப்பட்டது, பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் வந்தபோதுதான். அக்கட்டாயம் இரு திசைகளிலிருந்து வந்தது. 1817இல் ராணி கௌரி பார்வதி பாய், கல்விச் செலவை அரசே ஏற்கும் என்று அறிவித்தது ஒரு திசை. 1806இல் திருவிதாங்கூருக்கு வந்து மயிலாடியில் பணியாற்றிய ரிங்கல்தௌபேயும், அவருக்குப் பின் 1818 முதல் நாகர்கோவிலில் இருந்து இயங்கிய சார்லஸ் மீடும் லண்டன் மிஷன் சங்கத்தின் சார்பில் நடத்திய பள்ளிகள் மற்றொரு திசை. மிஷன் பள்ளிகளின் பிள்ளைக் கணக்கு கடல் கடந்து லண்டனுக்கு அறிக்கையாகப் போயிற்று. அச்சங்கத்தின் ஆவணங்கள் இன்று லண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைநாட்டு, ஆப்பிரிக்க ஆய்வுப் பள்ளியில் உள்ளன. பின்னர் அரசு தனியார் பள்ளிகளுக்கு உதவித்தொகை, அதாவது கிராண்ட், தரத் தொடங்கியதும் இன்ஸ்பெக்டர் வந்து பதிவேட்டையும் வகுப்பில் இருக்கும் தலைகளையும் ஒத்துப் பார்க்கும் வழக்கம் நிலைபெற்றது. சேர்க்கைப் பதிவேடு, ஆகவே, பிள்ளைக்காகப் பிறந்ததன்று; பள்ளி தன் பணத்துக்குக் கணக்குக் காட்டப் பிறந்தது. அதன் கட்டங்களில் இன்றும் அந்தப் பிறப்பின் சாயல் உண்டு.

சேர்க்கையே மறுக்கப்பட்டவர்களின் வரலாறும் இதனுள் அடங்கும். திருவிதாங்கூர் அரசுப் பள்ளிகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளைச் சேர்ப்பதற்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அய்யன்காளி நடத்திய போராட்டமும், விளவங்கோட்டுக்கு அண்மையிலுள்ள நெய்யாற்றின்கரைப் பகுதியின் ஊருட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைச் சேர்க்க முயன்றபோது எழுந்த கலவரமும் அறியப்பட்டவை. ஒரு சமூகத்தின் பெயர் ஓர் ஊர்ப் பள்ளியின் பதிவேட்டில் எந்த ஆண்டில் முதன்முதலாக வருகிறது என்பதை மட்டும் தேடிப் பார்த்தாலே அவ்வூரின் சமூக வரலாற்றில் ஓர் அத்தியாயம் எழுதிவிடலாம். நாஞ்சில் நாட்டு வரலாற்றை எழுதியவர்கள் அழகியபாண்டிபுரம் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தின் ஓலைகளைத் தேடிப் பயன்படுத்திய அளவுக்குப் பள்ளிப் பதிவேடுகளைத் தேடவில்லை என்பது வியப்புக்குரியது.

பதிவேட்டின் கட்டங்களுள் வழக்குமன்றம் வரை அதிகம் போவது பிறந்த தேதி. திருவிதாங்கூரில் வழங்கியது கொல்லம் ஆண்டு. கி.பி. 825இல் தொடங்குவதாகக் கணக்கிடப்படும் இவ்வாண்டு ஆவணியில், அதாவது மலையாளச் சிங்ஙத்தில், பிறக்கிறது. ஆகையால் கொல்லம் ஆண்டைக் கிறித்தவ ஆண்டாக மாற்றும்போது ஆவணி முதல் மார்கழி நடு வரை 824ஐயும், அதன்பின் ஆடி முடிய 825ஐயும் கூட்ட வேண்டும். கொல்லம் 1105 ஆவணியில் பிறந்தவர் 1929 ஆகஸ்டிலோ செப்டம்பரிலோ பிறந்தவர். எல்லாவற்றுக்கும் 825ஐக் கூட்டிவிடும் எழுத்தரின் கையில் அவர் 1930இல் பிறந்தவராகிவிடுகிறார். சூரியன் ராசி மாறும் நேரத்தை வைத்து மாதப் பிறப்பைக் குறிக்கும் விதி தமிழ்ப் பஞ்சாங்கத்திலும் மலையாளப் பஞ்சாங்கத்திலும் ஒன்றாக இல்லாமையால், சில மாதங்களில் ஒரு நாள் வேறுபாடும் நேரும். சாதகக் குறிப்பில் கொல்லம் ஆண்டும், கடற்கரை ஊர்களின் கோயில் ஞானஸ்நானப் பதிவேட்டில் கிறித்தவ ஆண்டும் வழங்கியமையால், ஒரே ஊரில் அடுத்தடுத்த வீட்டுப் பிள்ளைகளின் வயது வெவ்வேறு வகைச் சான்றிலிருந்து பள்ளிக்கு வந்து சேர்ந்தது. இவற்றுள் ஞானஸ்நானப் பதிவு பிறந்து சில நாளிலோ வாரத்திலோ எழுதப்படுவதாலும், குடும்பத்துக்கு வெளியே உள்ளவர் எழுதுவதாலும் நம்பகம் மிக்கது. ஆனால் அது திருமுழுக்கு நாளை உறுதியாகவும் பிறந்த நாளைச் சொல்லக் கேட்டும் பதிகிறது என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

எந்தச் சான்றும் இல்லாத பிள்ளைக்கு ஒரு கையைத் தலைக்கு மேலாக வளைத்து மறுபக்கக் காதைத் தொடச் சொல்லிப் பார்த்து வயதைத் தீர்மானித்த முறை தமிழ்நாடு முழுவதும் நினைவில் உள்ளது. ஜூன் மாதம் சேர்ப்பதற்கு ஐந்து வயது நிறைந்திருக்க வேண்டும் என்பதற்காக மே மாதத்து நாளொன்றை ஆசிரியரே இட்டுக்கொடுத்ததும் அவ்வாறே. இதை ஏமாற்று என்று ஒதுக்குவது எளிது. பிறப்பைப் பதியாத ஒரு சமூகத்தில், பதிவு இல்லாத குறையை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பாமல் பிள்ளையை உள்ளே எடுத்துக்கொண்ட ஒரு வழி அது என்று கொள்வதே நேர்மையானது. பின்னாளில் சட்டமும் அதே நிலைப்பாட்டை எடுத்தது. 2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த குழந்தைகளின் இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, வயதுச் சான்று இல்லை என்பதற்காக எந்தக் குழந்தைக்கும் சேர்க்கையை மறுக்கக் கூடாது என்கிறது. பிறப்புச் சான்றிதழ் இல்லாவிடில் மருத்துவமனை அல்லது கிராமச் செவிலியரின் பதிவேடு, அங்கன்வாடிப் பதிவு, பெற்றோரின் உறுதிமொழி ஆகியவற்றுள் ஒன்று போதும் என்று மத்திய விதிகள் கூறுகின்றன.

அவ்வாறு பலவகைத் தாள்களிலிருந்து வந்த தேதிகள் பதிவேட்டில் ஏறியவுடன் ஒரே மதிப்புடையனவாகத் தோற்றம் கொள்கின்றன என்பதே சிக்கலின் வேர். மருத்துவமனைச் சான்றைப் பார்த்து எழுதிய தேதிக்கும் காதைத் தொடவைத்து எழுதிய தேதிக்கும் மையின் நிறம் ஒன்றுதான். உச்ச நீதிமன்றம் 1988இல் பிரத் மல் சிங்வி வழக்கில் இதைத்தான் தொட்டது: பள்ளிப் பதிவேடு சான்றாக ஏற்கத்தக்கது என்றாலும், எந்தத் தகவலின் பேரில், யார் சொல்லி அத்தேதி எழுதப்பட்டது என்று காட்டப்படாதபோது அதற்குப் பெரிய மதிப்பில்லை என்றது. மறுபுறம், 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 94ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவர் சிறாரா என்று தீர்மானிக்கும்போது பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்றிதழையே முதலில் பார்க்கச் சொல்கிறது; உள்ளாட்சியின் பிறப்புச் சான்றுக்குக்கூட அதற்கு அடுத்த இடம்தான், எலும்பு வளர்ச்சியைச் சோதிக்கும் மருத்துவ முறைக்கு அதற்கும் பின். 2024 அக்டோபரில் ஒரு விபத்து இழப்பீட்டு வழக்கில், ஆதார் அட்டையிலுள்ள தேதியைவிடப் பள்ளிச் சான்றிலுள்ள தேதியே கொள்ளத்தக்கது என்று உச்ச நீதிமன்றம் கூறியதும் இவ்வரிசையில் சேர்வது. ஒரு வழக்கில் ஆதாரத் தாள் இல்லாத பதிவை ஐயுறும் சட்டம், மற்றொரு சூழலில் அதே பதிவைத் தலைமேல் தூக்கி வைக்கிறது. இரண்டுக்கும் இடையே நிற்கும் தலைமை ஆசிரியர் செய்யக்கூடியது, தேதிக்கு அருகிலேயே அது எந்தச் சான்றிலிருந்து எடுக்கப்பட்டது என்று நான்கு சொற்கள் எழுதி, அச்சான்றின் படியைக் கோப்பில் வைப்பதுதான். அரசுப் பணியில் சேர்ந்தவர் பிறந்த தேதியை மாற்றக் கோரும் விண்ணப்பத்தைச் சேர்ந்த ஐந்து ஆண்டுக்குள் தர வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பணி விதிகள் வரம்பிட்டிருப்பதால், நாற்பது வயதில் பிழையைக் கண்டுபிடிப்பவருக்குப் பெரும்பாலும் வழியில்லை.

பெயர்க் கட்டம் இதைவிட எளியதுபோல் தோன்றினாலும் இம்மாவட்டத்தில் அவ்வாறில்லை. நாஞ்சில் நாட்டு வேளாளரிடையே சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குச் செல்லும் மருமக்கள் வழி நெடுங்காலம் வழங்கியது; அம்முறையின் துயரங்களைத் தேரூரில் 1876இல் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை நாஞ்சில் நாட்டு மருமக்கள் வழி மான்மியத்தில் எள்ளலோடு பாடினார். அவர் வாழ்நாளின் பெரும்பகுதியைப் பள்ளி, கல்லூரி ஆசிரியராகக் கழித்தவர் என்பது இங்கே குறிப்பிடத்தக்கது. கொல்லம் 1101ஆம் ஆண்டின், அதாவது 1926இன், நாஞ்சில் நாட்டு வேளாளர் ஒழுங்குமுறைச் சட்டம் அம்முறையைத் தளர்த்தித் தந்தை வழியை நிலைநிறுத்தியது. குடும்பத் தலைமை தாய்மாமனான காரணவரிடம் இருந்த காலத்தில், பாதுகாவலர் என்ற கட்டத்தில் வரும் பெயர் தந்தையுடையதாகத்தான் இருக்கும் என்று இன்று படிப்பவர் கருதிவிட முடியாது. வாரிசுரிமைத் தகராறில் பழைய பள்ளிப் பதிவைச் சான்றாகக் கொண்டுவருபவர் இதை மறந்தால் உறவே தலைகீழாகிவிடும். தாயும் தந்தைக்கு இணையான இயற்கைப் பாதுகாவலர் என்ற கருத்து 1999இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றத்தால் வலுப்பெற்றபின், அக்கட்டத்தில் தாயின் பெயரை மட்டும் எழுதுவதற்கும் தயங்க வேண்டியதில்லை.

மேற்குத் தாலுகாக்களில் வீட்டுப்பெயர் முன்னெழுத்தாக வரும் மலையாள வழக்கமும், தந்தை பெயரின் முதலெழுத்து வரும் தமிழ் வழக்கமும் கலந்து நிற்கின்றன. முன்னெழுத்து பெயருக்கு முன் வருவதா பின் வருவதா, ஆங்கில எழுத்திலா தமிழ் எழுத்திலா என்பதில் பள்ளிக்குப் பள்ளி வேறுபாடு இருந்தது. மாணவர் சேர்க்கை விண்ணப்பம், வருகைப் பதிவேடு, சான்றிதழ்கள் ஆகியவற்றில் முன்னெழுத்தையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று தமிழ்நாடு அரசு 2021இல் ஆணையிட்டது. நோக்கம் நல்லதே, ஆனால் ஓர் ஆங்கில எழுத்துக்குத் தமிழில் பல எழுத்துகள் ஈடாகும் என்பதால், தந்தையின் முழுப்பெயர் கோப்பில் இல்லாமல் முன்னெழுத்தை மட்டும் தமிழாக்குவது புதிய பிழைகளுக்கு இடம் தரும். தாய்மொழிக் கட்டமும் அவ்வாறே வெறும் புள்ளிவிவரமாக நிற்பதில்லை. 1956க்கு முன் இத்தாலுகாக்களைத் தமிழகத்தோடு இணைக்க நடந்த போராட்டத்தின் அடித்தளம் மொழி. பாடத்திட்டத்தின் பகுதி ஒன்றில் தமிழைக் கட்டாயப் பாடமாக்கிய 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டம் வகுப்பு வகுப்பாக ஏறி வந்தபோது, மலையாளத்தைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் படிக்கும் எல்லைப் பள்ளிகளில் அக்கட்டத்தில் எழுதப்பட்ட ஒற்றைச் சொல் மீண்டும் பொருளுடையதாயிற்று.

எல்லாவற்றிலும் கடினமானது மதமும் சாதியும் எழுதப்படும் இடம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி மாவட்டத்தின் 18,70,374 பேரில் இந்துக்கள் 48.65 விழுக்காடு, கிறித்தவர்கள் 46.85 விழுக்காடு, முஸ்லிம்கள் 4.20 விழுக்காடு. ஒரே சாதியினர், சில வேளை ஒரே குடும்பத்தினர், இரண்டு மதங்களில் இருப்பது இங்கே இயல்பான செய்தி. நாடார் சமூகத்தில் இது பட்டியலைப் பாதிப்பதில்லை. பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் நாடார், சாணார், கிராமணி என்ற பதிவில் கிறித்தவ நாடாரும் சேர்ந்தே உள்ளனர். பட்டியல் சாதியினருக்கோ நிலைமை வேறு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி நிலையை முதலில் இந்துக்களுக்கும், 1956இல் சீக்கியருக்கும், 1990இல் பௌத்தருக்கும் உரியதாக்கியதே தவிரக் கிறித்தவருக்குத் தரவில்லை; மதம் மாறியோர் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டனர். ஆகையால் மதக் கட்டத்தில் எழுதப்படும் ஒரு சொல், அடுத்த கட்டத்தில் உள்ள சாதிப் பெயரின் சட்டப் பொருளையே மாற்றிவிடுகிறது. பெயரைப் பார்த்து மதத்தை ஊகித்து எழுதும் வழக்கம் இம்மாவட்டத்தில் எவ்வளவு ஆபத்தானது என்பதை இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

இதற்கு மேல் ஊர் என்ற மூன்றாவது கட்டமும் குறுக்கிடுகிறது. திருவிதாங்கூரிலிருந்து வந்த பகுதிகளுக்கென்று தமிழ்நாட்டுப் பட்டியலில் தனிப் பதிவுகள் உள்ளன. வண்ணார் தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர். கன்னியாகுமரி மாவட்டத்திலும் செங்கோட்டைத் தாலுகாவிலும் பட்டியல் சாதியினர். பரவன் என்ற பதிவும் அதே எல்லைக்குள் பட்டியல் சாதி, வெளியே மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. காணிக்காரர் பழங்குடியினராக ஏற்கப்படுவதும் கன்னியாகுமரி மாவட்டம், செங்கோட்டை, அம்பாசமுத்திரம் தாலுகாக்கள் என்ற இட வரையறையோடுதான். 1976ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் பல சாதிகளுக்கு இருந்த இட வரம்புகளை நீக்கியபோதும் இவை நீங்கவில்லை. ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு மேற்கே ஒரு நிலையும் கிழக்கே வேறொரு நிலையும் என்றாகும்போது, குடும்பத்தின் பூர்வீக ஊரும் தாலுகாவும் பதிவேட்டில் தெளிவாக இருப்பது சாதிப் பெயர் இருப்பதற்குச் சமமான முக்கியத்துவம் பெறுகிறது. முகவரிக் கட்டத்தில் அப்போதைக்கு வாடகைக்கு இருக்கும் தெருவை மட்டும் எழுதி நிறுத்துவது போதாது.

சாதிச் சான்று பொய்யானது என்று ஐயம் எழும்போது ஆராய வேண்டிய முறையை உச்ச நீதிமன்றம் 1994இல் மாதுரி பாட்டீல் வழக்கில் வகுத்தது. அதற்கென மாநிலங்களில் கூர்நோக்குக் குழுக்கள் ஏற்பட்டன. இக்குழுக்கள் முதன்மையாகத் தேடுவன பள்ளிப் பதிவுகள். அவற்றிலும் அரசியலமைப்பு நடைமுறைக்கு வருமுன், இடஒதுக்கீட்டுப் பயன் கருதாத காலத்தில் எழுதப்பட்டவற்றுக்கு மதிப்பு அதிகம் என்பது தீர்ப்புகளில் தொடர்ந்து வரும் கொள்கை. இம்மாவட்டத்தைப் பொறுத்தவரை 1950க்கு முந்தைய பள்ளிப் பதிவு என்றாலே திருவிதாங்கூர்க் காலப் பதிவு. பேச்சிப்பாறை மலைப்பகுதிக் காணிக் குடும்பத்தின் பேரப்பிள்ளை ஒருவர் தம் தாத்தாவின் பதிவைக் கேட்டு வரும்போது, கொல்லம் ஆண்டையும், பதிவு மலையாளத்தில் இருப்பின் அவ்வெழுத்தையும் படிக்கத் தெரிந்தவர் பள்ளி அலுவலகத்தில் இருந்தாக வேண்டும். பழைய சாதிப் பெயர் எழுதப்பட்டிருந்தபடியே படியெடுத்துத் தரப்பட வேண்டும். இன்றைய பட்டியலிலுள்ள வடிவத்துக்கு அதைத் திருத்தி எழுதுவது உதவி போலத் தோன்றினாலும் சான்றின் மதிப்பையே கெடுத்துவிடும். சாதி, மதம் குறிப்பிட விரும்பாதோர் அக்கட்டங்களை வெறுமையாக விடவோ, இல்லை என்று எழுதவோ 1973, 2000 ஆண்டுகளின் அரசாணைகள் இடம் தந்துள்ளன. அது பெற்றோரின் தெரிவு; எழுத்தரின் மறதியால் வெறுமையாக விடப்பட்ட கட்டத்துக்கும் தெரிந்தே விடப்பட்ட கட்டத்துக்கும் வேறுபாடு தெரிய, பெற்றோர் கையொப்பமிட்ட விண்ணப்பம் கோப்பில் இருக்க வேண்டும்.

மாற்றுச் சான்றிதழ் பற்றிய சட்டம் தெளிவானது. கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவுப்படி, கேட்டவுடன் தலைமை ஆசிரியர் அதைத் தர வேண்டும். அது வரத் தாமதமாகிறது என்று புதிய பள்ளி சேர்க்கையைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனாலும் கட்டணப் பாக்கியை வசூலிக்கும் பிடியாக டி.சி. பயன்படுத்தப்பட்டு வந்ததால், 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், சான்றிதழில் கட்டண நிலுவை பற்றி எதுவும் எழுதக் கூடாது என்றும், டி.சி. கொண்டு வந்தால்தான் சேர்ப்போம் என்று பள்ளிகள் வற்புறுத்தக் கூடாது என்றும் கூறியது. களியக்காவிளை எல்லையை ஒட்டிய பள்ளிகளுக்குக் கேரளத்திலிருந்து வரும் சான்றிதழ்களில் அம்மாநிலக் கல்வி அலுவலரின் மேலொப்பம் கேட்பது வழக்கம். அன்றாடம் எல்லையைக் கடந்து வேலைக்கும் சந்தைக்கும் போய்வரும் குடும்பங்களுக்கு இது பெரும் அலைச்சல். சேர்க்கையை முதலில் முடித்துவிட்டு மேலொப்பத்தைப் பின்னர்ப் பெறுவதே சட்டத்தின் போக்குக்கு இசைந்தது.

பதிவேட்டுக்கும் ஆசிரியர் பணியிடத்துக்கும் உள்ள தொடர்பைச் சுருக்கமாகவேனும் சொல்லியாக வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் 1 நிலவரப்படியான மாணவர் எண்ணிக்கையை வைத்தே பள்ளிக்கு எத்தனை ஆசிரியர் என்று நிர்ணயிக்கப்படுகிறது. தொடக்க வகுப்புகளில் 30 பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்பது அளவு. பிறப்பு விகிதம் நெடுங்காலமாகக் குறைந்து வரும், ஆங்கில வழித் தனியார் பள்ளிகள் பெருகிய ஒரு மாவட்டத்தில், ஊரை விட்டுப் போன பிள்ளையின் பெயரை வெட்டாமல் வைத்திருக்கும் சபலம் எங்கிருந்து வருகிறது என்பதை இது விளக்கும். கிராண்ட் காலத்து இன்ஸ்பெக்டர் தலைகளை எண்ணியதும் இதற்காகத்தான்.

அச்சபலத்துக்கு மருந்தாகவும் கொண்டுவரப்பட்டதே எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தகவல் முறைமை. தமிழ்நாட்டின் ஒவ்வொரு மாணவருக்கும் தனி எண் தரும் இம்முறையில், ஒரு பள்ளி டி.சி. வழங்கியதும் மாணவர் விவரம் பொதுத் தொகுப்புக்குப் போகிறது. சேரும் பள்ளி அங்கிருந்து அதை எடுத்துக்கொள்கிறது. ஒரே பிள்ளையின் பெயர் இரண்டு பள்ளிகளில் இருப்பது இதனால் பெருமளவு கடினமாயிற்று. மத்திய அரசின் யுடைஸ் பிளஸ் தளம் மாநில எல்லை கடந்தும் செல்லத்தக்க நிலையான கல்வி எண்ணை வழங்குகிறது. கேரளம் சம்பூர்ணா என்ற தன் மென்பொருளை வைத்திருக்கும் நிலையில், எல்லைப் பகுதிக்கு இந்த எண்ணே பாலம். ஆதார் எண்ணைச் சேர்க்கைக்குக் கட்டாயமாக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பரில் கூறியிருந்தும், எல்லாத் தளங்களிலும் அதற்கொரு கட்டம் இருப்பதும், அக்கட்டம் நிரம்பும் வரை பள்ளிக்கு நினைவூட்டல் வந்துகொண்டிருப்பதும் நடைமுறை.

கணினியாக்கத்தின் பயனைக் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. என்றாலும் அது படியெடுத்தது பதிவை மட்டுமே. பதிவுக்கு அடிப்படையான தாள் அங்கே ஏறவில்லை. தாள் பதிவேட்டில் ஒரு தேதி அடித்துத் திருத்தப்பட்டிருந்தால், அடித்த கோட்டின் கீழ்ப் பழைய தேதியும் அருகே தலைமை ஆசிரியரின் சுருக்கொப்பமும் தெரியும்; பிறர் எழுத்து இடையில் நுழைந்திருந்தால் மையே காட்டிக்கொடுக்கும். திரையில் புதிய தேதி மட்டும் நிற்கிறது. ஆதாரிலுள்ள எழுத்துக்கூட்டலோடு பெயர் பொருந்தவில்லை என்று தளம் ஏற்க மறுக்கும்போது, பதிவேட்டில் சரியாக இருக்கும் பெயரை ஆதாரின் பிழைக்கு ஏற்ப மாற்றி எழுதும் போக்கும் உருவாகிறது. மூலம் எது, படி எது என்ற வரிசை இவ்வாறு தலைமாறுவதைத் தடுக்க, பதிவேடே மூலம், தளம் அதன் படி என்பது எழுத்தில் வகுக்கப்பட வேண்டும்.

இவற்றைக் கருதும்போது பள்ளி அலுவலகத்தில் தாள்களை அடுக்கும் முறை சிறு செய்தியாகத் தோன்றாது. வகுப்புவாரியாகக் கோப்பு வைக்கும் வழக்கம் ஆண்டுதோறும் கோப்புகளை இடம்மாற்றச் செய்கிறது. மாறும்போதுதான் தாள் தொலைகிறது. வகுப்பு மாறும், பிரிவு மாறும், சேர்க்கை எண் மாறாது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் சேர்க்கை எண்ணிட்ட தனி உறை, அதனுள் கையொப்பமிட்ட விண்ணப்பம், வயதுச் சான்றின் படி, முந்தைய பள்ளியின் மூல டி.சி., சாதிச் சான்றின் படி, திருத்தம் ஏதேனும் செய்திருந்தால் அதற்கான ஆணை என்று வைத்து, எண் வரிசையில் அடுக்கிவிட்டு, பெயரின் அகர வரிசைக்குத் தனியே ஓர் அட்டவணை எழுதுவதே எளியதும் நிலைப்பதுமான முறை. அரசு அலுவலகங்களில் கோப்புகளை ஓராண்டு, மூன்றாண்டு, பத்தாண்டு, நிரந்தரம் என்று தரம் பிரித்துக் காப்பது நெடுநாள் வழக்கம். பள்ளியில் விடுப்பு விண்ணப்பத்துக்கு ஓராண்டு போதும், இவ்வுறைக்கு நிரந்தரம் வேண்டும். டி.சி. புத்தகத்தின் அடிக்கட்டைகளும் அவ்வாறே. நகல் சான்று கேட்டு வருபவருக்கு முதல் சான்று உண்மையிலேயே வழங்கப்பட்டதா என்று காட்டுவது அடிக்கட்டை ஒன்றுதான். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையில் குளச்சல் முதலிய கரையோர ஊர்களிலும், 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலிலும் வீடுகளையே இழந்த குடும்பங்களுக்கு, வீட்டிலிருந்த சான்றிதழ் போன பின் திரும்பப் பெறும் வழி பள்ளியில் எஞ்சிய பதிவே.

யார் செய்வது என்பதில்தான் திட்டம் தடுக்குகிறது. மேல்நிலைப் பள்ளியில் இளநிலை உதவியாளர் இருக்கிறார். தொடக்கப் பள்ளியில் எழுத்தர் பணியிடமே கிடையாது. வாழ்நாள் முழுவதும் செல்லும் அந்த முதல் வரி எழுதப்படுவதோ தொடக்கப் பள்ளியில். பாடநூல் வழங்குவதும் சீருடைக்கு அளவெடுப்பதும் வகுப்பு எடுப்பதும் ஒன்றாக வரும் ஜூன் மாதத்தில், ஈராசிரியர் பள்ளியின் தலைமை ஆசிரியரிடம் ஒவ்வொரு சான்றையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுமையை எதிர்பார்ப்பது நியாயமன்று. அருகருகே உள்ள பள்ளிகளுக்குப் பொதுவான குறுவளமையம் ஒன்றுக்கு ஓர் எழுத்தரைச் சேர்க்கைக் காலத்துக்கு மட்டும் அமர்த்தினாலும் பெரும் பயன் விளையும்.

2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த பிறப்பு, இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம், அந்நாள் முதல் பிறந்த குழந்தைகளின் பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் பிறப்புச் சான்றிதழ் ஒன்றையே பள்ளிச் சேர்க்கைக்கான சான்றாக்கியுள்ளது. அக்குழந்தைகள் முதல் வகுப்பு வாசலுக்கு வரும்போது, சான்று இல்லாமல் வருபவரையும் சேர்க்கச் சொல்லும் 14ஆம் பிரிவோடு இது எவ்வாறு பொருந்தும் என்பது நடைமுறையில் தெளிவுபட வேண்டியிருக்கிறது. தேதிச் சிக்கல் அத்தலைமுறைக்குப் பெரும்பாலும் தீரும். முந்தைய தலைமுறைகளின் பதிவுகளோ தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளின் ஈரமும் தாக்கும் மாவட்டத்தில், மர அலமாரிகளில் கறையானுக்கும் பூஞ்சைக்கும் இடையே இருக்கின்றன. பிள்ளைகள் குறைந்து மூடப்படும் பள்ளிகளின் பதிவேடுகள் அருகிலுள்ள பள்ளிக்கோ வட்டாரக் கல்வி அலுவலகத்துக்கோ போகும்போது எது எங்கே போயிற்று என்பதற்கு ஒரு பட்டியலாவது தேவை. 1956 நவம்பருக்கு முந்தைய பதிவேடுகளை மட்டுமேனும் மாவட்ட அளவில் ஓரிடத்தில் திரட்டி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து, மலையாளமும் கொல்லம் கணக்கும் அறிந்தவர்களைக் கொண்டு ஆண்டு மாற்றத்தோடு அட்டவணையிடும் பணியை, பழைய ஆசிரியர்களுள் அவ்விரண்டும் அறிந்தோர் இருக்கும்போதே தொடங்க வேண்டும்.